வில்லை கட்டிய பால்

திருச்செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி, மட்டக்கடை
விய வருஷம், கார்த்திகை மாதம்

சௌபாக்கியவதி மகள் தங்கபுஷ்பத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எங்கள் காலால் நடந்து எங்கள் கையால் அள்ளிச் சாப்பிடும்படி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாண்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிற சேதி வந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும், அதனால் கொழும்புக் கடைத்தெருவில் எவ்வளவு சோலி இருந்தாலும் கடிதம் போடுவதை நிறுத்தாதே. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாண்டிக்கு மணல்வாரி அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது, அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். பிள்ளை விலா எலும்பு தெரிய மெலிந்துவிட்டான், டின் பாலைக் கரைத்துக் கொடுத்துக் கொடுத்து முகமே வெளிறிப் போயிற்று, தை மாதம் மாப்பிள்ளையின் அண்ணன் ஊருக்கு வரும்போது அவரோடு அனுப்பி வைக்கிறேன், கொஞ்ச காலம் உங்களிடம் இருந்து தேறட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா. நம்ம ஊரில் இப்போது முனிசிபாலிட்டியே பால்காரருக்கு முத்திரை குத்தின வில்லை கொடுத்திருக்கிறதாமே, சோதித்துப் பார்த்த பசும்பாலாமே, காய்ச்சாமல் பச்சையாய்க் குடித்தால் அத்தனையும் ரத்தமாய் ஊறுமாமே என்று வரிக்கு வரி ஆமே போட்டிருக்கிறாய். அனுப்பட்டுமா வேண்டாமா, உடனே எழுது என்று கேட்கிறாய். ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒரு வரியில் எழுதினால் நீ கேட்க மாட்டாய், நீ உங்கள் அப்பா மகள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பாதியில் மடக்கி வைக்காமல் கடைசிவரைக்கும் படி.

உனக்கு இந்தக் கதையைச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியாதா. நம் தெருக்கோடி மாடிவீட்டுத் தாணுலிங்கம் அண்ணாச்சியின் மச்சினன்தானே உங்கள் கடைத்தெருவில் மிளகாய் வியாபாரம் செய்கிறான். அவன் வாயிலே வந்தது அண்ணாச்சி வாயிலே விளைந்தது. அண்ணாச்சி முன்பு புண்ணாக்கு விற்றார், இப்போது கவுன்சிலராகிப் பேச்சு விற்கிறார், இரண்டுக்கும் வாசனை ஒன்றுதான். முத்தையாபுரம் போகிற வழியில் தொழுவம் போட்டுப் பசுவும் எருமையுமாக ஒரு மந்தையே கட்டியிருக்கிறார், இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் அவர் தொழுவத்துப் பால்தான். உனக்கு இசக்கியப்பனை ஞாபகம் இருக்கும், அண்ணாச்சியின் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு வீடாக வருவானே, அவன்தான். அந்தக் காலத்தில் மாடு வாசலுக்கே வந்து நிற்கும். நான் செம்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் அவன் கையில் கொடுப்பேன். அவனும் சும்மா இருக்க மாட்டான், செம்பக் கவுத்துப் பாத்தாச்சு, எங் கையையும் விரிச்சுப் பாத்துக்கிடுங்க ஆச்சி, வேணும்னா வேட்டிய உதறிக் காட்டட்டுமா என்று கேலி செய்துகொண்டே கறப்பான். நானும் கறந்த பாலை நேரே அடுப்பில் ஏற்றி மூன்று தடவை பொங்கவிட்டு இறக்குவேன். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்தில் என் அம்மா அப்படித்தான் செய்தாள், ஏன் எதற்கு என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கோ பாலில் பயப்படத்தக்கது ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். தண்ணீர் கலக்காத பால் என்று தெரிந்துவிட்டால் அதற்குள் பாம்பு கிடந்தாலும் குடித்துவிடுவார்கள்.

போன கோடையில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்ததே, எழுதியிருந்தேன். அப்போது முனிசிபாலிட்டிக்குப் புதிதாக வந்த ஹெல்த் ஆபீசர் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு யோசனை சொன்னார். பச்சைப் பாலைத் தெருவில் விற்கவே கூடாது, எல்லாப் பாலும் ஒரு டிப்போவுக்கு வரவேண்டும், அங்கே பெரிய கொப்பரையில் காய்ச்சி மூடி போட்ட கேனில் அடைத்துத்தான் விற்கவேண்டும் என்றார். அந்த மனுஷருக்குப் பேச வராது, காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்தார் என்று அப்பா வந்து சொன்னார்கள். நம்ம அண்ணாச்சிக்குப் பேச்சுக்கா பஞ்சம். கூட்டத்தில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏ ஐயா, மாடு என்ன அடுப்புல வச்சுக் காய்ச்சியா கண்ணுக்குட்டிக்குக் குடுக்கு, காய்ச்சுன பால் செத்த பாலுய்யா, விறகு கெடைக்காத காலத்துல ஏழை எங்கன போயிக் காய்ச்சுவான் என்று கேட்டாராம். கூட்டம் கையைத் தட்டித் தீர்த்துவிட்டதாம். உங்கள் அப்பாவும் தட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னார்கள். கன்றுக்குட்டி தாய் மடியில் வாய் வைக்குது, நீங்க அண்ணாச்சி கேனுல வாய் வைக்கப் போறீங்க, ரெண்டும் ஒண்ணா என்று நான் கேட்டேன். பொம்பளைக்கு இதெல்லாம் வெளங்காது என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். ஏழைக்காக அண்ணாச்சி உருகினது, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். டிப்போவுக்குப் போனால் பாலை வேறு ஆள் அளப்பான், வேறு ஆள் பார்ப்பான், அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் ஹெல்த் ஆபீசர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் குப்பையில் போட்டுச் சட்டம் எழுதினார்கள். மாடு தெருவுக்குள் வரக்கூடாது, சாணி விழுந்து அசுத்தம். தொழுவத்திலேயே கறந்து கேனில் கொண்டு வரவேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணீர் இல்லை என்றால் பால்காரன் கழுத்தில் பித்தளை வில்லையைக் கட்டிக்கொண்டு பச்சைப் பாலை விற்கலாம். காய்ச்சுகிற பேச்சே அதில் கிடையாது. தலையை எடுத்துவிட்டு முண்டத்துக்கு மாலை போட்டார்கள். யோசனை சொன்ன ஆபீசரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தப் பித்தளை வில்லை வந்தபிறகு இந்த ஊர் ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இசக்கியப்பன் கழுத்தில் அது தொங்கும், பெண்டுகள் அதைத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றாத குறை. சர்க்காரே முத்திரை போட்டாச்சு, இனிமே எதுக்குக் காய்ச்சணும் என்று தெருவே அடுப்பை மறந்தது. விறகுக் கடையில் உடைமரக் கட்டைக்கு அடிதடி நடக்கிற காலம், அதையும் சொல்லவேண்டும், காய்ச்சாமல் விட்டவர்களை எல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். இல்லாதவன் என்ன செய்வான். எனக்கு ஆத்திரமெல்லாம் விறகு அடுக்கி வைத்துக்கொண்டு பச்சைப் பால் குடித்துப் பெருமை பேசின வீடுகள் மேல்தான். தெருமுக்கில் இன்ஸ்பெக்டர் வில்பிரட் காலையில் வந்து நிற்பான், தொப்பியும் அவனும். குழலைக் கேனில் விடுவான், அது நெட்டுக்குத்தாய் மிதக்கும், தலையை ஆட்டுவான், போய்விடுவான். அந்தக் குழலுக்குத் தெரிந்ததெல்லாம் பால் கெட்டியா தண்ணியா என்பது ஒன்றுதான், காய்ச்சல் இருக்கிறதா என்று அது எப்படிச் சொல்லும் என்று கேட்க ஒரு ஆம்பிளைக்கு இந்த ஊரில் புத்தி இல்லை. வெளுத்ததெல்லாம் பால், வில்லை கட்டினதெல்லாம் சத்தியம். நான் மட்டும் வழக்கம்போல் மூன்று பொங்கு பொங்கவிட்டேன். உங்கள் அப்பா வீட்டில் குடித்தது போதாதென்று கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பச்சைப் பால் வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்குமாக அலைந்தார்கள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, காய்ச்சின கஷாயந்தான், செத்துப் போயிருக்கும், குடிப்பீகளா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வீட்டுச் சீனித்தாயை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் புருஷன் தோணியில் போகிறவன், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. அவள் இருட்டோடு எழுந்து உப்பளத்துக்குப் போய்விடுவாள், மகள் முத்துக்கனி பகலெல்லாம் நம் வீட்டில்தான் கிடப்பாள். நீ போன வருஷம் வந்திருந்தபோது பாண்டியும் அவளும் சேர்ந்து இந்த வீட்டை என்ன பாடு படுத்தினார்கள். போகும்போது பாண்டி தன் தகர ஊதலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனானே, அதை அவள் என்னிடம் கொடுத்து, நீ ஊது பெரியம்மா, நான் எங்கன இருந்தாலும் ஓடி வாரேன் என்பாள். நான் அடுக்களையிலிருந்து ஊதுவேன், தெருக்கோடியிலிருந்து ஓடி வந்து மூச்சு வாங்க நிற்பாள். அந்தப் பிள்ளைக்காகச் சீனித்தாய் தன் வயிற்றைக் கட்டி ஒரு சிறு செம்புப் பால் வாங்கினாள். காய்ச்சிக் கொடு என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் சிரித்தாள். வில்லை போட்ட பாலு அக்கா, காய்ச்சுனா சத்தெல்லாம் போயிருமாம், அண்ணாச்சியே மைக்கு முன்னால நின்னு சொன்னாவளே, அம்புட்டுப் பெரிய மனுசர் பொய்யா சொல்லுவாவ என்றாள். என் அடுப்பில் கொண்டு வந்து வை, நான் காய்ச்சித் தருகிறேன் என்றும் சொன்னேன். உங்களுக்கு எதுக்கு அக்கா வீண் சிரமம் என்று விட்டுவிட்டாள். அடுத்தவர் விறகை எரிக்கக் கூசுகிறவள் அவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஐப்பசி அடைமழையில் முத்துக்கனிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சளி என்றார்கள், பிறகு கண் என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள். காய்ச்சல் இறங்குகிற வழியாக இல்லை, வயிறு உப்பி, நாக்கு வறண்டு, ராத்திரியும் பகலுமாகப் பிதற்றத் தொடங்கினாள். நான்தான் அப்பாவை விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி லேடி டாக்டரைக் கூட்டி வரச் செய்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பிள்ளையைப் பார்த்துவிட்டு டைபாய்டு என்றாள், முதுகைச் சாய்க்க நம் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். கருப்பட்டி பழக்கமில்லை என்றாள், ரேஷன் சீனி தீர்ந்து போயிருந்தது, சும்மா காப்பியாகவே கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அம்மா, உங்க ஊர்ல காப்பிக்கு உப்பும் போடுவீங்களா என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். வந்த வீட்டில் காப்பியைக் குறை சொல்கிறாளே, காவேரித் தண்ணீர் குடித்த கொழுப்பு என்று நினைத்தேன். அவள் விடவில்லை. காப்பிக்கு எந்தத் தண்ணி என்று கேட்டாள். குழாய்த் தண்ணீர்தான் காப்பிக்கென்று பிடித்து வைக்கிறேன் என்று காட்டினேன், குடித்துப் பார்த்தாள், அதில் உப்பு இல்லை. பிறகு பாலை ஒரு கரண்டி வாயில் விட்டவள் ஓடிப்போய் முற்றத்தில் துப்பினாள். நானும் குடித்துப் பார்த்தேன் தங்கம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் இந்த ஊர்க் கிணற்று உப்பைக் குடித்துக் குடித்து என் நாக்கும் இவர்கள் நாக்காகிவிட்டது. போதாததற்கு இந்த ஊரில் எல்லாரும் கருப்பட்டியை அள்ளிப் போட்டுக் குடிக்கிறவர்கள், அது எந்தக் குற்றத்தையும் மூடிவிடும். பாலில் உப்பு ஏன் இருக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டதும்தான் யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது.

மிச்சமிருந்த பாலைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு நேரே வில்பிரட் வீட்டுக்குப் போனேன். அவன் குழலை விட்டான், அது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. நல்ல பால்தான ஆச்சி என்றான். உப்பா இருக்கா பாரு என்றேன். ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, இன்னொரு வாயும் குடித்துவிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலயே, ருசியாத்தான் இருக்கு என்றான். அவனும் இந்த ஊர்க் கிணற்றில் வளர்ந்தவன்தானே. வேலிக்கு ஓணான் சாட்சி. அங்கிருந்து ஜட்கா பிடித்து அண்ணாச்சியின் தொழுவத்துக்கே போனேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கூடவே வந்தார்கள். அங்கே போய்ப் பார்க்கவேண்டும் நீ, எருக்குழி நிறைந்து வழிகிறது, தொழுவத்து ஆட்கள் ஒதுங்குகிற இடமும் அதன் ஓரந்தான், வழிகிற தண்ணீர் ஓடிப்போய்ச் சேருகிற இடம் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் கேன், கேனுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு உப்பு. இசக்கியப்பன் என்னைப் பார்த்ததும் தேள் கொட்டின மாதிரி நின்றான். இது என்னலே என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். கிணத்துத் தண்ணி ஊத்துனா குழல் முங்கிருது ஆச்சி, ஒரு கை உப்ப அள்ளிப் போட்டா எந்திரிச்சு நிக்கி, மொதலாளிதான் போடச் சொன்னாவ, நான் என்ன செய்ய, வாசல்ல வச்சுக் கறக்கையில நான் ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருப்பனா சொல்லுங்க என்றான். அதுவும் நிஜம்தான். மாட்டைத் தெருவை விட்டு விரட்டினது ஊர் சுத்தமாக இருக்க, ஊர் சுத்தமாக இருக்கிறது, பாலில்தான் எருக்குழி இருக்கிறது. உப்பு விளைகிற ஊரில் குழலை ஏமாற்ற உப்புக்கா பஞ்சம். உங்கள் அப்பா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், அதன்பிறகு பச்சைப் பால் பேச்சை எடுக்கவில்லை.

அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார், அவர் பெண்டாட்டி வடிவம்மாள் வாங்க மதினி என்று உட்காரவைத்து, வெள்ளி டம்ளரில் பால் கொண்டு வந்து கொடுத்தாள். பாலைப் பார்த்தேன், மேலே விரல் கனத்துக்கு ஆடை கட்டியிருக்கிறது. பச்சைப் பாலில் எப்படியம்மா இப்படி ஆடை வரும், காய்ச்சிக் காய்ச்சி ஆறவிட்டால் அல்லவா வரும். காய்ச்சுவீகளா மதினி என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். அவள் பாவம், வெள்ளை மனசு, அதெப்படி மதினி காய்ச்சாமக் குடிக்க, அவியளுக்குப் பச்சைப் பாலு வயித்துக்குச் சேரவே சேராது, எங்க வீட்டுக்குன்னு கறக்க மாடு வேற, நாலு பொங்கு விட்டாத்தான் தொடுவாவ என்றாள். ஊருக்கு உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லையடி பெண்ணே. ஊர்ப் பிள்ளைக்குச் செத்த பால் ஆகாது, இவருக்கு மட்டும் ஆடையோடு ஆகும். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் நான் வந்த காரியத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆச்சி, நீங்க பெரிய மனுஷி, ஏதோ வேலைக்காரப் பய செஞ்ச தப்பு, வெளிய தெரிஞ்சா ஊருக்கே மரியாத கெட்டுப் போவும், அந்தப் பிள்ளைக்கு வைத்தியத்துக்கு வேணும்னா நான் பாத்துக்கிடுதேன் என்றார். உங்க பால நாய்க்கு ஊத்துனாலும் அது என்னப் பாத்துக் குலைக்கும் அண்ணாச்சி என்று சொல்லி, டம்ளரை அப்படியே ஆடையோடு அவர் காலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பா ரெண்டு நாள் கருப்பட்டிக் கடையில் தலை காட்டவில்லை. எனக்கு என்ன வெட்கம், நான் என்ன உப்பா போட்டேன்.

டாக்டர் பெண் சும்மா இருக்கவில்லை, மேலே எழுதிப் போட்டாள். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்து கிணற்றை மூடினார்கள், டிப்போ உடனே திறக்கவேண்டும், காய்ச்சாத பாலை விற்கவே கூடாது என்று உத்தரவு வந்தது. ஆகா, நியாயம் பிழைத்தது என்று நினைக்காதே. வில்லையைப் பறிகொடுத்தது இசக்கியப்பன் ஒருவன்தான், அவன் இப்போது துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். உப்பு போடச் சொன்னவரை டிப்போ கமிட்டிக்குத் தலைவராக்கிவிட்டார்கள், பாலில் அனுபவம் உள்ளவராம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறார்கள், அதற்கு மாலை மரியாதை வேறு.

முத்துக்கனி பிழைத்துவிட்டாள். முடியெல்லாம் கொட்டி, கை கால் குச்சியாகி, ஆனாலும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், சீனித்தாய் அன்றைக்குச் சிவன் கோவிலுக்கு நடந்தே போய் வந்தாள். பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, அசதி என்று நினைத்தோம். ஒருநாள் அவள் முற்றத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பாண்டியின் ஊதலை எடுத்து ஊதினேன். அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் இன்னும் பலமாக ஊதினேன். கூரையிலிருந்த காக்கை பறந்தது, அவள் திரும்பவில்லை. சில பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் காதைக் கொண்டு போய்விடும், திரும்பி வருவது துர்லபம் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டாள். சீனித்தாயிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அவள் கோடை வந்தால் சரியாகிவிடும் என்று இருக்கிறாள். எனக்கு வாய் வரவில்லை தங்கம். யாரையும் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற எனக்கு இது மட்டும் வரவில்லை.

முந்தாநாள் டிப்போ திறப்பு விழா. தெருவில் பந்தல், தோரணம், குழாய் கட்டி மைக். நான் போகமாட்டேன் என்றேன், முத்துக்கனி கொடியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள், அதனால் போனேன். அதே அண்ணாச்சி, அதே துண்டு, அதே உதறல். ஏ ஐயா, காய்ச்சுன பால்தான்யா பாலு, பச்சைப் பாலு விஷம், இத நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டாகளா என்றார். அன்னைக்கே சொன்னாராம்! ஒருத்தனாவது எழுந்து கேட்கவேண்டுமே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இந்த ஊரில் அதற்குக் கெடுவே கிடையாது. கூட்டம் போன தடவை தட்டின அதே கையைத் தட்டியது. நல்லவேளை, உங்கள் அப்பா தட்டவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். என் மடியில் இருந்த முத்துக்கனி சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவளும் அந்தக் குச்சிக் கையை எடுத்துத் தட்டினாள். மேடையைப் பார்த்துத் தட்டினாள், எல்லாரும் நிறுத்தின பிறகும் நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பாண்டியைத் தை மாதம் அனுப்பு, ஆனால் பாலுக்காக அனுப்பாதே. மாப்பிள்ளையின் அண்ணன் வரும்போது அந்த டின் பாலையே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடு, மாட்டு மந்தை இருக்கிற ஊருக்குக் கப்பலேறித் தகரப் பால் வருகிறது என்று ஊர் சிரிக்கட்டும். இந்த ஊர் சிரிப்பும் எனக்குத் தெரியும், இந்த ஊர் கைத்தட்டும் எனக்குத் தெரியும். டிப்போப் பால் வந்தாலும் என் அடுப்பில் மூன்று பொங்கு பொங்காமல் என் பேரன் வாயில் படாது. கருவாட்டையும் முட்டையையும் முருங்கைக் கீரையையும் கொடுத்து நான் அவனைத் தேற்றிக் காட்டுகிறேன். நீயும் அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி. எவன் எந்த வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தாலும் காய்ச்சிக் குடி, விறகுச் செலவைப் பார்க்காதே. மாப்பிள்ளை மிளகாய்க் கடைக்காரனோடு ரொம்பச் சேர வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். தோணிக்காரரிடம் கருப்பட்டியும் அப்பா கொடுத்த பனங்கிழங்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் எழுது. முருகன் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், பாண்டி கல்லுப்போல உடம்போடு நூறு வயசு இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. பாண்டி புறப்படும் முன்பு அவனை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லி அனுப்பு. இங்கே வந்ததும் அவன் முதலில் அந்த ஊதலைத்தான் கேட்பான், வாசலில் நின்று ஊதுவான். அவள் ஓடி வரமாட்டாள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியத்தாய்